அண்ணாவின் பங்கு இறால்

அண்ணா, எடேய் அண்ணா, கேட்கிறதா? நீ போட்டு வைத்த புக்கிங்குக்கு உன்னைவிட ஆயுசு கெட்டி. நீ போய் இருபத்தாறாம் நாள், வியாழக்கிழமை, உன் போன் அடித்தது. அம்மா அதை உன் படத்துக்கு முன்னால் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, சார்ஜும் போட்டு வைத்திருந்தார். செத்தவனின் போனுக்கு எதற்குச் சார்ஜ் என்று நான் கேட்கவில்லை. இந்த நாட்களில் அம்மாவிடம் சில கேள்விகளைக் கேட்டால் அகப்பைக்காம்பு பறந்து வரும்.

போனில் ஒரு பெண்குரல். இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம், வருவீர்களா என்று கேட்டது. பதினைந்து நிமிடம் பிந்தினால் இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அவன் வரமாட்டான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யெஸ்" என்று வந்தது. எனக்குப் பயமில்லாமல் வருகிற இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

உனக்கு மிச்சம் எல்லாம் தெரியும். ஆனால் இதை வாசிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. ஆகவே கொஞ்சம் பொறு.

என் அண்ணா ஹெந்தளையில் ஓர் இறால் முதலாளியிடம் சின்ன லொறி ஓட்டினான். நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில். விடிய முன்னம் எழும்பிப் போய், பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸைக் கொட்டி, கொழும்பிலுள்ள பெரிய சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் இறால் இறக்குவான். அவற்றில் ஒன்று வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் இருக்கும் ஜப்பான் கடை. டெம்புரா மட்டும்தான் போடுவார்கள். டெம்புரா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இறாலையும் மரக்கறியையும் மெல்லிய மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பஜ்ஜி. ஆனால் பஜ்ஜி தின்ன ஏழு கிழமை, அதாவது ஏழு வாரத்துக்கு முன்னால் புக்கிங் போட வேண்டியதில்லை. பஜ்ஜி போடுகிறவர் உங்களைக் குனிந்து வணங்குவதும் இல்லை. "தள்ளி நில்லுங்கோ, எண்ணெய் தெறிக்கும்" என்பதோடு அவருடைய உபசாரம் முடிந்துவிடும்.

அந்தக் கடையின் பின்வாசலில் ஜப்பான்காரரும் அண்ணாவும் நாள்தோறும் சண்டை பிடிப்பார்கள், ஒரு வார்த்தை பேசாமல். ஜப்பான்காரர் பெட்டியைத் திறந்து, இறாலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் கிடத்திப் பார்ப்பார். நீளம் சரியென்றால் ஒரு பக்கம். கட்டை என்றால் மற்றப் பக்கம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கூட இவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள். பாதிப் பெட்டி திரும்பி வரும். அதில் கொஞ்சம் எங்கள் வீட்டுச் சட்டிக்கும் வரும். ஜப்பான்காரர் வேண்டாம் என்று தள்ளிய இறாலில்தான் நான் இவ்வளவு சதை வைத்தேன்.

"என்ர இறால்ல அப்பிடி என்ன குறை என்டு ஒருநாளைக்கு உள்ளுக்கு இருந்து தின்டு பாக்கப் போறன்" என்பான் அண்ணா.

"உன்னை உள்ளுக்கு விடுவாங்களோ? பத்தடி தூரத்துக்கு இறால் மணக்குது" என்பேன் நான்.

"ரெண்டுதரம் குளிச்சிட்டுப் போவன்டி. நீயும் வா. உன்ர கடையில சீலை மடிக்கிறவளுகளுக்குக் கதை சொல்ல ஒண்டு வேணுமெல்லோ."

நான் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறேன். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.

அவன் உண்மையிலேயே போனான். லீவு நாள் ஒன்றில், இரண்டுதரம் குளித்து, கல்யாணவீடுகளுக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, முன்வாசலால் போனான். வாசலில் நின்றவர் "டெலிவரியா? பின்னால போங்க" என்றாராம். "இல்ல, டேபிள் ஒண்டு வேணும்" என்றானாம் இவன். வந்து அதை எங்களுக்கு நான்குதரம் நடித்துக் காட்டினான். ஏழு கிழமை கழித்துத்தான் இடம் கிடைத்தது. இரண்டு பேருக்கு.

மூன்றாம் கிழமை காய்ச்சல். டெங்கு. ஐஸ் பெட்டியைத் தனியாளாகத் தோளில் தூக்குகிறவனை ஒரு நுளம்பு தூக்கிக்கொண்டு போயிற்று. ஐந்து நாள். அதைப்பற்றி இவ்வளவுதான் எழுதுவேன். அதற்கு மேல் எழுதினால் எழும்பிப் போய்விடுவேன். பிறகு இந்த ஜப்பான் பஜ்ஜியை யார் எழுதி முடிப்பது?

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. ஆள் செத்த நாளிலிருந்து முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும் அவர் வீட்டைச் சுற்றித்தான் நிற்பார். ஆகவே ஒவ்வொரு நாளும் பகல் சாப்பாட்டில் முதல் பங்கை அவருக்குப் படைத்து, அதைக் காகத்துக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்காரர் வாயில் சோறு வைக்கலாம். காகம் எடுத்தால் அவர் சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம். முப்பத்தொன்றோடு அவர் வீட்டை விட்டுப் போய்விடுவார். அதுவரைக்கும் வீட்டுக்குத் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. மச்சம், அதாவது மீன் இறைச்சி எதுவும் ஆகாது. எண்ணெய்ச் சட்டியும் வீட்டு அடுப்பில் ஏறாது.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் எங்கள் குடும்பத்தில் பிரதம நீதியரசர் பெரியம்மா. அம்மாவின் அக்கா. வெள்ளவத்தையில் லிஃப்ட் வைத்த மாடிவீட்டில் இருக்கிறார். அவர் வெள்ளிக்கிழமை கிரியைச் சாமான் பட்டியலோடும் ஒரு பொதி இடியப்பத்தோடும் வந்தபோது அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா வெளிய போகோணும்."

"எங்க?"

"அவன் புக் பண்ணின கடைக்கு."

பெரியம்மா என்னைப் பார்த்தார். இதற்குப் பின்னால் நான்தான் இருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். உண்மையும் அதுதான். அம்மாவிடம் போன் வந்ததைச் சொன்னது நான். போவோமா என்று கேட்டது மட்டும் அம்மா.

"உங்களுக்கு என்ன விசரே? முப்பத்தொண்டு கழியேல்ல. துடக்கு வீட்டுக்காரர் ஜப்பான் கடையில போய்க் குந்தி இறால் பொரியல் தின்னப் போறியளோ? சனம் என்ன கதைக்கும்?"

"எந்தச் சனம் பெரியம்மா? அங்க வாற சனம் எங்களோட கதைக்காது. தங்கட போனோடதான் கதைக்குங்கள்."

"நீ வாயை மூடு. வாய்க்கு ஒரு பூட்டு வாங்கோணும் உனக்கு."

அம்மா அழவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"அக்கா, இருபத்தேழு நாளா அவனுக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் வைக்கிறன். அவன் கத்தரிக்காயைக் கண்டா எழும்பிப் போறவன். வேற என்ன வைக்க? பூசணிக்காய் வைச்சன், காகம் வந்து பாத்திட்டு அடுத்த வீட்டு மதிலுக்குப் போகுது. பிள்ளை பட்டினி அக்கா. செவ்வாயோட போயிடுவான். பசியோட அனுப்பச் சொல்லுறியோ?"

"வருஷத் திவசத்துக்கு மச்சம் வைச்சுப் படைக்கலாம்தானே."

"அதுவரைக்கும்? ஒரு வருஷம் பசி கிடக்கவோ?"

"அப்ப நீங்கள் துடக்கோட இறால் தின்னப் போறியள்."

"நாங்கள் எங்க தின்னப் போறம்? அவனுக்குப் படைக்கத்தான் போறம். துடக்கு எங்களுக்கு. செத்தவனுக்கு என்ன துடக்கு?"

பெரியம்மா அம்பது வருஷமாகச் செத்தவீடுகளில் தீர்ப்புச் சொல்கிறவர். இந்தக் கேள்வி அவரிடம் வந்ததே இல்லைப்போல. பதில் கிடைக்காதபோது அவர் தேத்தண்ணி கேட்பார். கேட்டார். குடித்துவிட்டு, வாசலில் செருப்பைக் கொழுவிக்கொண்டே சொன்னார்:

"போறதெண்டாப் போங்கோ. ஆனா என்னட்டக் கேட்டனீங்கள் என்டு ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

சொல்லவில்லை பெரியம்மா. எழுதித்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனோம். அம்மா கரையில்லாத சாம்பல் நிறச் சீலை. தோளில் பெரிய ஹேண்ட்பேக். "உள்ளுக்கு என்ன?" என்று கேட்டேன். "தண்ணிப் போத்தல்" என்றார். அது பொய்யில்லை. தண்ணிப் போத்தலும் இருந்தது.

கடை வாசலில் பாதி உயரத்துக்கு நீலத் துணி தொங்கியது. காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஈரம் பட்டுவிடாமல் அம்மா இரண்டு விரலால் விலக்கிக்கொண்டு போனார். உள்ளே நின்ற பெண் என்ன பெயரில் புக்கிங் என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். இருபத்தொன்பது நாளாக உன் பெயரை எங்கே பார்த்தாலும் அதற்கு முன்னால் 'அமரர்' என்று இருந்தது. அவள் பட்டியலில் வெறும் பெயர். பக்கத்தில் ஒரு சரி அடையாளம். இந்த ஊரில் நீ உயிரோடு இருந்த ஒரே இடம் அந்தத் தாள்தான்.

உள்ளே மேசைகள் இல்லை. நீளமான ஒரு மரப்பலகை, அதற்கு இந்தப் பக்கம் பத்துக் கதிரை. அந்தப் பக்கம் அகலமான எண்ணெய்ச் சட்டி, அதற்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு உன் ஜப்பான்காரர். கோயில் கருவறை மாதிரி. ஆனால் கோயிலில் இதைவிடச் சத்தம் இருக்கும். ஒருத்தரும் கதைக்கவில்லை. எண்ணெய் மட்டும் கதைத்தது. எங்களுக்குப் பக்கத்தில் இளம் சோடி ஒன்று. அவள் ஒரு கத்தரித் துண்டை நான்கு கோணத்தில் படம் பிடித்தாள். உனக்குப் பிடிக்காத கத்தரிக்காய்க்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

சுடச்சுட நனைத்த துவாய் ஒன்று கொடுத்தார்கள். கையை மட்டும் துடைக்க வேண்டும். அம்மா முகம், கழுத்து, பிடரி, முழங்கை வரைக்கும் துடைத்து, மூக்குக்கண்ணாடியையும் துடைத்து, நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளைத் துவாய் கொழும்பு வெயிலின் நிறத்தில் போயிற்று.

பரிமாறுகிறவள் ஒரு சிங்களப் பிள்ளை, என் வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் சிங்களத்துக்கு மாறி, கடைச் சட்டத்தைச் சொன்னாள். செஃப் ஒவ்வொன்றாகப் பொரித்து முன்னால் வைப்பார். வைத்த உடனே சாப்பிட வேண்டும். பத்து எண்ணுவதற்குள். ஆறினால் மாவு இளகிவிடும், அது செஃபுக்குப் பெரிய மனவருத்தம்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஹேண்ட்பேக்கைத் திறந்தார். பேப்பரில் சுருட்டிய வாழையிலைத் துண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்த இலை. அதை விரித்து, தண்ணிப் போத்தலால் தெளித்து, உள்ளங்கையால் துடைத்து, பளபளவென்று மினுக்கி வைத்திருந்த அந்தப் பலகையில், எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தார்.

"அம்மா!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன அம்மா? கோப்பையில வைச்சா அவனுக்குப் போகுமோ?"

முதல் இறால் வந்தது. மெல்லிய மாவு, உள்ளே சிவப்புத் தெரிந்தது. ஆவி பறந்தது. அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அம்மா தன்னுடையதை எடுத்து இலையில் வைத்தார். என்னுடையதையும் எடுத்து இலையில் வைத்தார். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினார்.

ஜப்பான்காரர் சட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பத்து எண்ணியிருப்பார். பிறகு இருபது. அடுத்ததாக இறால் தலை இரண்டைத் தனியாகப் பொரித்து வைத்தார். அவையும் இலைக்குப் போயின. அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். தான் பெற்ற பிள்ளையை யாரோ மழையில் நிறுத்தி வைத்ததுபோல. பரிமாறுகிற பிள்ளை ஓடி வந்தாள்.

"அம்மே, இப்பவே சாப்பிட வேணும். ஆறுது."

"ஆறட்டும் பிள்ளை. இது எனக்கில்ல" என்றார் அம்மா. அம்மாவின் சிங்களம் சந்தைச் சிங்களம். மீன்காரரோடு விலை பேசவும் பொலிஸ்காரருக்குப் பணிந்து கதைக்கவும் பழகியது. துக்கத்துக்கு அதில் சொல் குறைவு.

பக்கத்துச் சோடி கத்தரிக்காயை விட்டுவிட்டு எங்களைப் படம் பிடிக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. நான் அவளைப் பார்த்த பார்வையில் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை, வெட்கத்தில் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று ஜப்பான்காரர் நினைத்திருக்க வேண்டும். "சொறி, சொறி" என்று குனிந்தார். குனிந்தபடியே நீண்ட குச்சிகளை நீட்டி, இலையிலிருந்த இறாலைக் கவ்வி எடுத்துப் பக்கத்திலிருந்த தகரப் பேணிக்குள் போட்டார். ஒன்று. இரண்டு. தலைகளையும். புதிதாகப் பொரித்துத் தரப் போகிறாராம்.

அம்மா எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"ஐயோ! என்ர பிள்ளையின்ர சாப்பாட்டில கை வைச்சிட்டான்! பாவி, குப்பையில போடுறானே!"

தமிழில்தான் கத்தினார். பத்துக் கதிரைக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எண்ணெய்கூட வாயை மூடிக்கொண்டது போலிருந்தது. எனக்கு அந்த நீலத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு வீதிக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். என் அண்ணா உங்கள் பின்வாசலுக்கு இறால் கொண்டு வந்தவன். இந்த இடத்தை அவன்தான் புக் பண்ணினான். செத்து இன்றைக்கு இருபத்தொன்பதாம் நாள். இது அவனுடைய பங்கு. அவன் சாப்பிடாமல் நாங்கள் தொடக்கூடாது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஹெந்தளை அய்யாவா? லீவில நிற்கிறார் என்டுதான் புது ட்ரைவர் சொன்னார்."

லீவுதான் தங்கச்சி. நல்ல நீண்ட லீவு.

அவள் ஜப்பான்காரரிடம் போய் ஏதோ மெதுவாகச் சொன்னாள். இங்கிலீஷ் பாதி, ஜப்பான் பாதி. சொல்லும்போது தோளில் பெட்டி தூக்குகிற மாதிரிக் காட்டினாள். அவர் அம்மாவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். தகரப் பேணியைப் பார்த்தார். அந்த மனுஷனின் காது சிவந்ததை நான் கண்டேன்.

பிறகு அவர் ஐஸ் பெட்டியைத் திறந்தார். இறாலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் கிடத்திப் பார்க்கத் தொடங்கினார். எடுத்தார், வைத்தார், எடுத்தார், வைத்தார். அங்கிருந்த எட்டுப் பணக்காரரும் பசியோடு காத்திருந்தார்கள். மூன்று இறாலைத் தெரிவு செய்தார். பொரித்தார். சட்டிக்குப் பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, தன் கையாலேயே இலையில் வைத்தார். மூன்றும் ஒரே நீளம். நீ உயிரோடு இருக்கும்போது பாதியைத் திருப்பி அனுப்பியவர், செத்த பிறகு உனக்குக் கடையிலேயே நல்லதைத் தெரிவு செய்தார். வேலைக்காரனுக்கு மரியாதை வேண்டுமென்றால் செத்துக் காட்ட வேண்டியிருக்கிறது, பார்த்தாயா?

குனிந்தார். இந்த முறை நிமிர நேரமெடுத்தது. அம்மா கதிரையை நிமிர்த்தி வைத்து இருந்தார்.

"நல்ல மனுசன்தான்" என்றார் என்னிடம். "ஆனா உப்புப் போட்டதை நான் காணேல்ல."

அதன் பிறகு தாமரைக்கிழங்கு, பூசணி, வற்றாளைக் கிழங்கு, கத்தரிக்காய், ஒரு பச்சை மிளகாய் என்று மரக்கறி வந்தது. மரக்கறிதானே, சாப்பிடலாம் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அம்மா என் தொடையில் நுள்ளினார்.

"ஒரே எண்ணெய்."

"என்ன?"

"இறால் பொரிச்ச அதே எண்ணெய். தொடாத."

ஆகவே வெள்ளவத்தையின் மிகப் பிரபலமான சாப்பாட்டுக் கடையில், ஏழு கிழமை காத்திருந்து கிடைத்த இரண்டு கதிரையில் இருந்துகொண்டு நாங்கள் உபவாசம் இருந்தோம். ஒவ்வொரு துண்டாக வந்தது, ஒவ்வொரு துண்டாக ஆறியது. ஜப்பான்காரர் ஒவ்வொரு தடவையும் கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தார். அவருக்கும் அது ஒரு துடக்குத்தான்.

கடைசியில் இன்னுமொரு இறால் வந்தது. ஒன்றே ஒன்று. அதை அவர் இலையில் வைக்கவில்லை. அம்மாவுக்கும் வைக்கவில்லை. என் முன்னால் வைத்துவிட்டு, குச்சியைக் கீழே போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் ஒன்றும் இல்லை, வெறும் பலகை. அம்மா அதை எண்ணுகிற மாதிரிப் பார்த்தார்.

தின்றேன். பத்து எண்ணுவதற்குள் தின்றேன். மாவு பல்லில் பட்டதும் நொறுங்கி இல்லாமல் போயிற்று, உள்ளே இறால் இனித்தது. இனித்தது அண்ணா. நாங்கள் அந்த இறாலை மிளகாய்த் தூளிலும் புளியிலும் போட்டு அடித்துத் தின்றதால் அது இனிக்கும் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. உன் இறாலில் ஒரு குறையும் இல்லை. இதைச் சொல்ல உன்னைத் திரும்பிப் பார்த்தேன். வாழையிலைதான் இருந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. சூடாகத் தின்றால் எனக்கு அப்படித்தான்.

பில்லைக் கட்டி எழும்பும்போது அடுத்த பிரச்சினை. அந்தக் கடையில் பார்சல் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் இளகிவிடும் என்பதால் யார் கேட்டாலும் கட்டிக் கொடுப்பதில்லை. வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பார்சல் இல்ல பிள்ளை இது, படையல்" என்றார் அம்மா. இலையை நான்காக மடித்தார், பேப்பரால் சுற்றினார், ஹேண்ட்பேக்கில் வைத்துச் சிப்பை இழுத்தார். எல்லாம் ஜப்பான்காரரின் கண்ணுக்கு முன்னால். அவர் தன் பலகையைத் துடைக்கத் தொடங்கினார். அதில் ஒரு துளி எண்ணெயும் இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒழுங்கையால் இறங்கி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, கடற்கரைக் கல்லில் அம்மா இலையை விரித்தார். "கா, கா" என்று கூப்பிட்டார். காலையிலிருந்து வெறும் வயிறு, குரல் எழும்பவில்லை.

வெள்ளவத்தைக் கடற்கரையில் காகத்துக்கா பஞ்சம்? கடலை வாங்கினவன் பையைத் திறக்க முதலே தோளில் வந்து இருக்கிறதுகள். அன்றைக்கு ஒன்றையும் காணோம். ஒன்று மட்டும் தந்திக் கம்பியில் இருந்து தலையைச் சரித்துப் பார்த்தது. வரவில்லை. ஒரு ரயில் போயிற்று. அந்தக் காகமும் பறந்துவிட்டது. அம்மா இலைக்குப் பக்கத்திலேயே கல்லில் இருந்துவிட்டார்.

"கோவமோ தெரியேல்ல" என்றார். "நான் முதலே கூட்டிக்கொண்டு வந்திருக்கோணும். காய்ச்சலுக்கு முதல் கிழமை கேட்டவன், அம்மா நீயும் வாறியோ, மூண்டாக்குவம் என்டு. எனக்கு ஏன்டா உந்தச் செலவு என்டு ஏசினனான்."

இது எனக்குத் தெரியாது. இருபத்தொன்பது நாளாக அம்மா இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் பகிடியாகத்தான் வந்தது, அதை விழுங்கிவிட்டேன். நானும் பக்கத்தில் இருந்து கூப்பிட்டேன். "கா, கா." நானும் அம்மாவும் இரண்டு பைத்தியம் மாதிரிக் கடலைப் பார்த்துக் கத்தினோம். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு மனுஷன் சுற்றி நடந்து போனார்.

வந்தது. கம்பியில் இருந்ததா, வேறொன்றா தெரியாது. கல்லில் இறங்கி, இரண்டு தத்துத் தத்தி, நடுவிலிருந்த இறாலைக் குறுக்கே கவ்வியது. ஓடவில்லை. அங்கேயே வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, கொத்திக் கொத்திச் சாப்பிட்டது. அம்மா வாயில் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு பார்த்தார். அடுத்த நிமிடம் எங்கிருந்தோ இருபது காகம் வந்து விழுந்தன. இலையைக் கிழித்து, இறாலுக்குச் சண்டை பிடித்து, ஒரே கூச்சல்.

"உதெல்லாம் ஆரடி?" என்றார் அம்மா.

"அவன்ர கூட்டாளிமார்தான், வேற ஆர்? தனிய எப்ப சாப்பிட்டவன்?"

அம்மா சிரித்தார். இருபத்தொன்பது நாளுக்குப் பிறகு. சிரித்தது பிறகு அழுகையாகப் போயிற்று, அது வேறு கதை. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மா ஒரு கோப்பை சோறு முழுவதாகச் சாப்பிட்டார், கத்தரிக்காயோடு.

இன்று முப்பதாம் நாள். நாளைக்கு ஐயர் வருவார், பெரியம்மா பட்டியலோடு வருவார், நீ போவாய். நீ வயிறு நிறையப் போகிறாய், அதை நான் என் கண்ணால் கண்டேன். என் மனதைக் குடைகிறது ஒன்றுதான். துடக்கு நாளில் நான் தின்ற அந்த ஒற்றை இறால். பெரியம்மாவுக்குத் தெரிந்தால் அதனால் உன் பயணம் தடைப்படும் என்பார். இந்தச் சட்டமெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான். ஆனால் உன் விஷயம் என்று வந்தால் சிரிப்பு வருவதில்லை.

ஆகவே இதை வாசிக்கிற எல்லோரையும் கேட்கிறேன். கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, புத்தர் பன்சலையோ, நீங்கள் எங்கே கும்பிடுகிறவர்களோ அங்கே என் அண்ணாவுக்காக ஒருதரம் கும்பிடுங்கள். பெயர் தெரியாது என்று யோசிக்க வேண்டாம், இறால் லொறி ஓட்டின பிள்ளை என்று சொன்னால் போதும். அந்த ஓர் இறாலைத் தின்றது அவன் தங்கச்சி, அதை அவன் தலையில் போட வேண்டாம், அவனை நிம்மதியாகப் போகவிடு என்று கேளுங்கள். மறக்காமல் கேளுங்கள்.